தளர்ந்த பக்கம்

பாய்மரம் தானாக நிற்கிறது என்றுதான்
கரையில் காப்பி குடிப்பவர்கள் நினைக்கிறார்கள்.
எங்கள் மரத்துக்கு வேர் கிடையாது, பிரைஸ்.
மரமே கிடையாது. எட்டு மீட்டர் அலுமினியக் குழாய்.
தளத்தின்மேல் ஒரு கிண்ணியில்
காலை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
அணியத்திலிருந்து ஒரு கம்பி, கடையாலிலிருந்து ஒன்று,
இடமும் வலமும் இரண்டிரண்டு.
ஒன்றுகூட அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.
ஒவ்வொன்றும் என் பக்கம் வா என்று இழுக்கிறது.
யாரிடமும் போக முடியாமல்
நிமிர்ந்து நிற்கிறது.

நான் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவள்.
வில்லகார்சியாவில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில்,
பன்னிரண்டு வயதுகளின் வாய்க்குள்
நாளெல்லாம் கால் சுற்று, அரைச் சுற்று.
இழுப்பு எனக்குத் தெரியும் என்றேன்.
பஸ் ஓட்டுகிற நீ சிரித்தாய்.
போன ஞாயிறு திருகைக் கையிலெடுத்து
"கிடார் மாதிரி முறுகணும்" என்றாய்.
மிஞ்சி முறுக்கினால் மரம்
தன் காலாலேயே தளத்தைக் குத்தி இறங்கும் என்றேன்.
ஒரு வாரம் அதே பேச்சு.
பாதிப் பணம் உன்னுடையது, பாதி என்னுடையது.
எந்தப் பாதிப் படகு யாருக்கென்று
எழுதிக்கொள்ளத்தான் மறந்துவிட்டோம்.

இன்று அரோசாக் கழியில் வடகிழக்குக் காற்று.
வலப்பக்கமாக வந்து அடிக்க
வலக் கம்பிகள் விறைத்து முனகின.
இடக் கம்பிகள் தொய்ந்து, சும்மா, வெயில் காய்ந்தன.
காற்றுக்கு மறைவான கம்பி தொய்யத்தான் செய்யும்.
அதனால்தான் அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை.
என் தொப்பி பறந்து அங்கே போய் விழாதிருந்தால்
நானும் பார்த்திருக்கமாட்டேன்.

குனிந்தேன்.
கம்பி தளத்தோடு சேரும் இடத்தில்
சுண்டுவிரல் தடிமன் ஆணி
பாதி வெளியே, ஆடுகிற பால்பல் போல.
அதைப் பூட்டியிருக்க வேண்டிய கடையாணி,
தீக்குச்சியளவு எஃகு,
இல்லை.

"திருப்பட்டுமா?" என்று கத்தினாய்.
முன்னால் சிப்பி வளர்க்கும் மிதவைகள்,
கறுத்த யூகலிப்டஸ் கட்டைகள், வரிசை வரிசையாக,
நூற்றைம்பது மீட்டர். இல்லை, அதற்கும் குறைவு.
திருப்பினால் காற்று இடப்பக்கம் வரும்.
சும்மா இருந்த கம்பியின் தலையில்
முழுப் பாயும் ஏறும்.
"திருப்பாதே."
"என்ன?"
"திருப்பாதே பிரைஸ்!"

ஏனென்று நீ கேட்கவில்லை.
கால் சுற்றுத் திருகுக்கு
ஏழு நாள் வழக்காடியவன், கேட்கவில்லை.
பாய்க் கயிற்றை நெகிழ்த்தினாய். பாய் படபடத்தது.
வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

குப்புறப் படுத்து உள்ளங்கையால் அறைந்தேன்.
ஆணி உள்ளே போயிற்று. பூட்ட ஒன்றுமில்லை.
பையில் பஸ் சீட்டு, ஐம்பது சென்ட்,
உலர்ந்த ஆரஞ்சுத் தோல்,
அப்புறம், வேலையில் வெட்டியது,
ஏதோ ஒரு சிறுவனின் மேல்தாடைக்குப் போக
மிஞ்சிய துண்டுக் கம்பி.
மூன்றாக மடித்துத் துளையில் கோத்து
இடுக்கியில்லாமல் நகத்தாலேயே முறுக்கினேன்.
பெருவிரலில் ரத்தம்.
மிதவைக்கும் எங்களுக்கும் நடுவே
உன் பஸ் ஒன்றை நிறுத்தலாம். இரண்டு முடியாது.
"இப்போ!"

பாய் தலைக்குமேல் கடந்து போயிற்று.
இடக் கம்பி 'டக்' என்றது,
பத்தொன்பது இழையும் ஒன்றாய் நிமிர்ந்தது.
மரம் அசைந்தது, யோசித்தது,
நின்றது.
சிப்பிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்
மிதவையிலிருந்து கையை உயர்த்தினார்,
வாழ்த்தாகவோ வசவாகவோ.

கம்பாதோஸ் துறை வரைக்கும் பேச்சில்லை.
படகைக் கட்டிய பிறகு
உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துப்
பலகைமேல் வைத்தாய்:
போன ஞாயிறு முறுக்குவதற்காகக் கழற்றியது,
திரும்ப மாட்டாதது.
"பழசைப் போடக் கூடாது," என்றேன்,
"ஒருமுறை வளைந்தது அடுத்தமுறை ஒடியும். புதுசு வாங்கணும்."
"எத்தனை?"
"பத்து."
அதற்குள் நீ வலப்பக்கம் போய்
மண்டியிட்டு, ஒவ்வொன்றாக
விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.